படகு என்ன செய்தது?

"புரொப்பல்லர் போச்சு. புதுசு ஒண்ணு மாட்டிக் குடு" என்றார் சந்தியாகு.

வியாகுலம் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை.

"படகு என்ன செஞ்சது அண்ணாச்சி?"

"அதான் சொல்லுதேனே. புரொப்பல்லர் போச்சு."

"அது நீங்க கண்டுபிடிச்சது. படகு என்ன செஞ்சதுன்னு கேட்டேன்."

சந்தியாகுவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. மீசை முளைக்கும் முன்பே கடலுக்குப் போனவர். எதிரே நிற்பவளுக்கு அவர் மகள் வயதிருக்கலாம். மீன் ஏலக்கூடத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில், படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு இன்ஜின்களைப் பழுது பார்ப்பவள். அவளிடம் இன்ஜினைக் கொண்டுபோனால் முதலில் நம்மைத்தான் கழற்றிப் பார்ப்பாள் என்று கரையில் ஒரு பேச்சு உண்டு.

வேறு மெக்கானிக் பக்கத்தில் இல்லை. அதனால்தான் வந்தார்.

நடந்தது இதுதான். முந்தாநாள் மீனோடு திரும்பும்போது, துறைமுக வாசலில் இன்ஜின் அலறியது. எவ்வளவு திருகியும் படகு நகரவில்லை. கடலரிப்பைத் தடுக்கக் கொட்டியிருந்த தூண்டில் வளைவுக் கற்களை நோக்கி நீரோட்டம் படகை இழுத்தது. கல்லுக்கும் படகுக்கும் நடுவில் ஒரு பாய் விரிக்கிற இடம்கூட இல்லாதபோதுதான் வேறொரு படகிலிருந்து கயிறு வந்து விழுந்தது.

கட்டி இழுத்துக் கரை சேர்த்தார்கள். கரையில் ஊரே நின்றது.

அத்தனை பேர் முன்னால் சந்தியாகு தன் மச்சினன் தொபியாஸைப் பிடித்துக்கொண்டார். கடலில் இன்ஜின் கைப்பிடி அவன் கையில்தான் இருந்தது. மணல்திட்டில் கொண்டு மோதியிருக்கிறான், புரொப்பல்லர் இறக்கையை வளைத்திருக்கிறான், சொல்லாமல் மறைத்திருக்கிறான். இனி என் படகில் கால் வைக்காதே என்றார்.

தொபியாஸ் தோளில் கிடந்த கயிற்றை மணலில் போட்டுவிட்டுப் போனான்.

அன்றிலிருந்து சந்தியாகுவின் மனைவி பிலோமி சோறு வைக்கிறாள், பேச்சு வைப்பதில்லை. அவள் தம்பி தொபியாஸ் கொல்லத்துக்கு விசைப்படகு வேலைக்குக் கிளம்புகிறான் என்பதைக்கூட அவர் வெளியாள் சொல்லித்தான் தெரிந்துகொண்டார்.

இதையெல்லாம் அவர் வியாகுலத்திடம் சொல்லவில்லை. கைப்பிடியைப் பிடித்திருந்தவன் மோதிவிட்டான் என்று மட்டும் சொன்னார்.

"அப்போ அவரைக் கூட்டிட்டு வாங்க."

"அவன் எதுக்கு? வந்தாலும் பொய்தான் சொல்லுவான்."

அவள் துறையில் கட்டியிருந்த படகுக்கு நடந்தாள். இன்ஜினைத் தூக்கி நிறுத்தினாள். குழந்தைக்குப் பல் முளைத்திருக்கிறதா என்று ஈறைத் தடவிப் பார்ப்பதுபோல ஒவ்வொரு இறக்கையின் ஓரத்தையும் விரலால் தடவினாள். தண்டில் வலை நூல் சுற்றியிருக்கிறதா என்று பார்த்தாள். தண்ணீரில் இறங்கி, படகின் அடியில் கைவிட்டுச் சிப்பி ஒட்டியிருக்கிறதா என்று துழாவினாள்.

பிறகு கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, துறைமுகத்துக்குள்ளேயே ஒரு சுற்றுப் போய்விட்டு வரச் சொன்னாள்.

"எதுக்கு?"

"அது என்ன செய்யுதுன்னு பார்க்க. நீங்க எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். பார்த்துட்டு மட்டும் வாங்க."

சந்தியாகு கோபத்தோடு போனார், கோபத்தோடு வந்தார். எண்ணெயில் கலப்படம் என்றார்.

"அதுவும் கண்டுபிடிச்சதுதான்" என்று சொல்லிவிட்டு அவள் கொட்டகைக்குள் போய்விட்டாள்.

அவர் கொஞ்ச நேரம் படகிலேயே உட்கார்ந்திருந்தார். கத்துவதற்கு ஆள் இல்லை. கடைசியில் மறுபடியும் கயிற்றை இழுத்து இன்ஜினைக் கிளப்பினார்.

கைப்பிடியை மெல்லத் திருகினார். படகு போனது. பின்னால் தண்ணீர் ஒழுங்காகச் சுருண்டு வந்தது.

இன்னும் கொஞ்சம் திருகினார். நன்றாகவே போனது.

இன்னும் கொஞ்சம். இன்ஜின் வீறிட்டது. படகின் முன்பக்கம் தாழ்ந்தது. பிடித்திருந்த கையை யாரோ விட்டுவிட்டதுபோல வேகம் செத்தது.

தளர்த்தினார். மறுபடியும் போனது.

திருகினார். அதே இடத்தில் அதே அலறல்.

அவருக்கு அது புதிதாக இருந்தது. இத்தனை வருஷமும் அவர் முன்னால் வலையோடு நிற்பார். கைப்பிடி தொபியாஸிடம். இந்த இன்ஜின் கைக்குள் எப்படி நடுங்கும் என்பதே அவருக்கு இன்றுதான் தெரிந்தது. ஒருமுறை, இன்னொருமுறை என்று திருகித் திருகிப் பார்த்தார். கோபம் எப்போது போனதென்று தெரியவில்லை.

திரும்பி வந்து சொன்னார். "மெதுவா போனா போகுது. பாதிக்கு மேல திருகுனா இன்ஜின் கத்துது, படகு நின்னுருது. தளர்த்துனா பழையபடி போகுது."

காரணம் எதுவும் சொல்லவில்லை.

வியாகுலம் முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தாள். உள்ளே போய் வெள்ளைப் பெயின்டும் ஒரு சின்ன பிரஷும் எடுத்து வந்தாள். புரொப்பல்லரின் நடுவில் இருக்கும் நட்டில் தொடங்கி, இறக்கைகள் ஒட்டியிருக்கும் வெளிவட்டம் வரைக்கும் நேராக ஒரு கோடு போட்டாள்.

காய்ந்ததும் போய் வரச் சொன்னாள். இந்தத் தடவை அவர் எதற்கென்று கேட்கவில்லை.

வந்து இன்ஜினைத் தூக்கியபோது கோடு இரண்டாகியிருந்தது. நட்டில் இருந்த துண்டு மேலே பார்த்தது. வெளியில் இருந்த துண்டு பக்கவாட்டில் கிடந்தது.

நடுத்தண்டுக்கும் இறக்கைகளுக்கும் இடையில் ஒரு ரப்பர் இறுக்கிப் பிடித்திருக்கும் என்று அவள் விளக்கினாள். அந்தப் பிடி விட்டுப்போயிருக்கிறது. மெதுவாகப் போகும்போது தாங்கும். வேகம் கேட்டால் உள்ளே தண்டு மட்டும் சுற்றும், இறக்கை சுற்றாது. புது புரொப்பல்லர் எல்லாம் வேண்டாம். ரப்பரை மாற்றினால் போதும். நாளைக்கே கடலுக்குப் போகலாம்.

விலகி நின்ற இரண்டு துண்டுகளையும் சந்தியாகு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அப்போ தொபியாஸ் மோதலையா?"

"மோதுனாலும் ரப்பர் விடும். வயசானாலும் விடும். இறக்கையில அடி இல்ல. அதுக்கு மேல எனக்குத் தெரியாது அண்ணாச்சி. நான் படகுல இல்ல. கைப்பிடியைப் பிடிச்சிருந்தவரைக் கேளுங்க."

"கேட்டேனே."

"என்ன கேட்டீங்க?"

அவர் அந்த நாளை நினைத்துப் பார்த்தார்.

"எங்கல கொண்டுபோய் மோதுன?" அன்று கரையில் அவர் கேட்டது அது ஒன்றுதான். அதன் பிறகு அவர் எதையும் கேட்கவே இல்லை.



வியாகுலம் அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நட்டைக் கழற்றத் தொடங்கியிருந்தாள்.

சந்தியாகு ஏலக்கூடத்தைக் கடந்தார், கோவிலைக் கடந்தார். வழியில் பேச்சுக் கொடுத்தவர்களுக்குத் தலையை மட்டும் ஆட்டினார்.

தொபியாஸின் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. அவன் தரையில் குந்தி ஒரு பையின் வாயைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் பிலோமி அவன் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவள் நிமிரவில்லை.

சந்தியாகு வாசல்படிக்கு வெளியே நின்றார். அப்படியே வெளித்தரையில் உட்கார்ந்தார்.

"மாப்ள, அன்னைக்கு உன் கையில என்னடா தெரிஞ்சுது?"

முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த விரல்கள் நின்றன.

பிலோமி கையிலிருந்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டாள்.

தொபியாஸ் பையை ஓரமாகத் தள்ளி, தன் பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டான்.

"அன்னைக்கு மட்டும் இல்ல மச்சான், அதுக்கு முந்தியே தெரிஞ்சுது" என்றான். "உள்ள வாங்க. சொல்லுதேன்."