குளியலறைக்குள் அறுபது பேர்

ராஜாக்களிடம் யானைப்படையும் இருந்தது, கம்ப்யூட்டரும் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது எந்தக் காலம் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். குருவிக்கோட்டையை வல்லபராஜா ஆண்டுகொண்டிருந்தார். அவர் சபையில் வெள்ளியங்கிரி என்று ஒருவன். அவன் வாய் சும்மா இருக்காது, மூளை அதைவிடச் சும்மா இருக்காது.

ஊர் ஏரியின் மதகைத் திறந்து மூடுவது அவன் பொறுப்பு. அதற்கு ஒரு கம்ப்யூட்டர் வைத்திருந்தான். வெற்றிலைப்பெட்டி அளவுதான் இருக்கும். பெட்டி என்னவோ போன மாதம் வந்த புத்தம்புதுசு. ஆனால் உள்ளே போட்டிருந்தது நாற்பது வருஷத்துப் பழைய ஆபரேட்டிங் சிஸ்டம். அது என்ன என்கிறீர்களா? கம்ப்யூட்டருக்குள் குடியிருக்கிற மேஸ்திரி என்று வையுங்கள். நாம் சொல்வதைக் காதில் வாங்கிக்கொண்டு பெட்டியிடம் வேலை வாங்குகிறவர். வெள்ளியங்கிரியின் மேஸ்திரிக்குப் படம் காட்டத் தெரியாது, பாட்டுப் பாடத் தெரியாது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. திற என்றால் மதகு திறக்கும், மூடு என்றால் மூடும். தீர்ந்தது ஜோலி.

பிரதானி அனந்தநாதருக்கு இது பொறுக்கவில்லை.

"மகாராஜா, புதுப் பெட்டிக்குள் கிழட்டு சிஸ்டம்! பக்கத்து நாட்டுத் தூதன் பார்த்தால் வாய்விட்டுச் சிரிப்பான். அரண்மனையில் ஓடுகிற புது சிஸ்டத்தையே மதகிலும் போட்டுவிடலாமே?"

"போட்டால் போச்சு" என்றார் ராஜா, பலாச்சுளையை மென்றுகொண்டே.

வெள்ளியங்கிரி மனசுக்குள் நாளைக் கணக்குப் போட்டான். இன்னும் பத்து நாளில் மழை. வெள்ளம் ஏறுகிற நேரத்தில் மதகு திறக்காமல் திணறினால், ஏரிக்குக் கீழே இருக்கிற இருநூறு வீடும் தண்ணீரில் போகும்.

"மகாராஜா, அந்தச் சின்னப் பெட்டி அவ்வளவு பெரிய சிஸ்டத்தைத் தாங்காது. அதற்குள் ராம் என்கிற இடம் போதாது..."

"நிறுத்து! எனக்கு ராமும் தெரியாது, லட்சுமணனும் தெரியாது. கம்ப்யூட்டர் வார்த்தை ஒன்றுகூட வராமல் எனக்குப் புரியவை பார்ப்போம். நாளை உச்சிவேளை வரைக்கும் கெடு. முடியாவிட்டால் மதகில் புதுசு ஏறும், நீ வேறு வேலை தேடிக்கொள்."

பிரதானி மீசைக்குள் சிரித்தார். வெள்ளியங்கிரி நேரே படைவீட்டுப் பக்கம் நடந்தான். அங்கே சண்டை இல்லாமல் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவர்கள் ஏராளம்.

மறுநாள் சனிக்கிழமை. ராஜாவுக்கு எண்ணெய்க் குளியல். அரண்மனை எவ்வளவு பெரிதோ, குளியலறை அவ்வளவு சின்னது. பத்தடிக்கு எட்டடி. ராஜா தலை நிறையச் சீயக்காய் தேய்த்துக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, வெகுகாலமாகத் தண்ணீர் ஊற்றுகிற கிழவரைக் கூப்பிட்டார்.

"பச்சைமுத்து, தண்ணீர்!"

தண்ணீர் வரவில்லை. ஒரு குரல்தான் வந்தது.

"வணக்கம் மகாராஜா! வெளியே நல்ல வெயில்."

"யாரடா அது? வெயிலை யார் கேட்டது?"

"யாரும் கேட்கவில்லை மகாராஜா. நானாகச் சொன்னேன்."

இன்னொரு குரல்: "தண்ணீர் ஊற்றிக்கொள்ள நாற்பது நிபந்தனை இருக்கிறது. எல்லாம் சம்மதமா?"

"சம்மதம், சம்மதம்! ஊற்று!"

"கேட்பது மகாராஜாதானா என்று தெரிய வேண்டுமே. ரகசியச் சொல் என்ன?"

"டேய், நான்தான்டா ராஜா!"

"தப்பு. இன்னும் இரண்டு தடவை சொல்லிப் பார்க்கலாம்."

சீயக்காய் கண்ணுக்குள் இறங்கிவிட்டது. ராஜா ஒரு கண்ணைச் சிரமப்பட்டுத் திறந்தார். அறை முழுக்க ஆள்! தோளோடு தோள் இடிக்க அறுபது பேர். ஒருத்தன் வெந்நீர்க் கொப்பரை விளிம்பில் ஒற்றைக்காலில் நிற்கிறான். நடுவிலே ஒருத்தன் கையில் செம்போடு நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கிறான்.

"நீ ஏன்டா சுத்தறே?"

"வேலை நடக்கிறது என்று காட்டுகிறேன் மகாராஜா."

"அந்தச் செம்பைக் கவிழ்த்துத் தொலையேன்டா!"

"கையை நீட்ட இடமில்லையே! நூற்றுக்கு முப்பது பங்கு முடிந்தது. தயவுசெய்து எழுந்து போய்விடாதீர்கள்."

"வெள்ளியங்கிரீ!" அரண்மனைப் புறாவெல்லாம் பறந்தது.

"வாசலில்தான் இருக்கிறேன் மகாராஜா."

"பச்சைமுத்து எங்கேடா?"

"அவர் பழைய ஆள் ஆயிற்றே, வேண்டாம் என்று வெளியே உட்கார வைத்திருக்கிறேன். வரச் சொல்லட்டுமா?"

"சொல்லு, சொல்லு!"

அறுபது பேரும் பிதுங்கி வெளியே வந்தார்கள். பச்சைமுத்து உள்ளே போனார். ராஜா ஊற்று என்றார், அவர் ஊற்றினார். போதும் என்றார், நிறுத்தினார்.

ராஜா ஈரத்தலையோடு வெளியே வந்தார். கண் இரண்டும் செம்பருத்திப் பூ. "உன்னை என்ன செய்கிறேன் பார்..."

"செய்யுங்கள் மகாராஜா. நேற்று நீங்கள் கேட்ட விளக்கத்தைத்தான் சொன்னேன். சின்ன அறை, பெரிய பரிவாரம். கம்ப்யூட்டர் வார்த்தை ஒன்றாவது காதில் விழுந்ததா?"

ராஜா முறைத்தார். யோசித்தார். தொப்பை லேசாகக் குலுங்கத் தொடங்கியது.

பிரதானி பதறினார். "மகாராஜா, பழைய சிஸ்டத்துக்குக் காவல் கிடையாது. திருடன் புகுந்துவிடுவான்!"

"பிரதானி ஐயா சொல்வது சபா மண்டபத்துக்குச் சரி" என்றான் வெள்ளியங்கிரி. "நாலு நாட்டுக் கடிதமும் வந்து போகிற இடம், புதுசும் காவலும் அங்கே வேண்டியதுதான். மதகுப் பெட்டிக்கு வெளியூரிலிருந்து ஒரு கம்பிகூடக் கிடையாது. திருடன் ஏரியில் நீந்தித்தான் வர வேண்டும். அத்தனை தூரம் நீந்தி வருகிறவனுக்குச் சோறு போட்டுத்தான் அனுப்ப வேண்டும்."

"சரிதான்! மண்டபத்தில் புதுசு, மதகில் பழசு. நீ இருக்கிறவரை அந்தப் பெட்டியை ஒருத்தரும் தொடக்கூடாது" என்ற ராஜா, பரிசு கொடுக்கக் கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனார். குளித்துவிட்டு வந்தவர் கழுத்தில் முத்துமாலை ஏது? தலை துவட்டிய பட்டுத்துண்டையே அவன் தோளில் போட்டார்.

பிரதானிக்கு அழுகையே வந்துவிட்டது. "அநியாயம் மகாராஜா! ஒரு சிஸ்டத்துக்குள் அறுபது பேரா? இவன் கூட்டிக் காட்டுகிறான்!"

"ஐயோ, இல்லை ஐயா, குறைத்துத்தான் காட்டினேன்" என்ற வெள்ளியங்கிரி ஜன்னலைத் திறந்துவிட்டான். ஜன்னலுக்கு அடியிலிருந்து யானைக் கொட்டாரம் வரைக்கும் ஆள் வரிசை. "அரண்மனைப் பெட்டிக்குள் புது சிஸ்டம் ஓட்டுகிற வேலைகளை எண்ணிப் பார்த்தேன், முந்நூற்றுப் பதினேழு. மகாராஜாவும் உள்ளே இருக்க வேண்டுமே என்று மீதிப் பேரை வெளியிலேயே நிறுத்திவிட்டேன்!"

ராஜா சிரித்த சிரிப்பில், உடுத்தியிருந்த துண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.