முள் கீழே கிடந்த வண்டி

குருவுக்கு வயது முப்பத்திரண்டு. சீடருக்கு ஐம்பத்தாறு. மாற்றி எழுதிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம், சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்.

குருவின் பெயர் ரெஜினா. ஊட்டியில் சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். சீடர் தணிகாசலம் கரூரில் முப்பது வருடம் மெக்கானிக்காகக் கொடிகட்டிப் பறந்தவர். டீச்சரான மனைவிக்கு ஊட்டிக்கு மாற்றல் வந்தது. கடையை மூடிவிட்டு அவரும் கூடவே வந்துவிட்டார்.

வந்த முதல் வாரமே ரெஜினாவிடம் போய் நின்றார்.

"அம்மணி, எனக்கு ஹீட்டர் வேலை தெரியாதுங்க. எங்க ஊர்ல வண்டிக்குள்ள ஹீட்டரைப் போட்டா அடிக்க வருவாங்க. சொல்லிக் குடுங்க."

பேர் வாங்கிய ஒரு மெக்கானிக், மகள் வயதுப் பெண்ணிடம் போய்த் தெரியாது என்று சொல்வது லேசான காரியமில்லை. அதற்காகவே அந்த மனிதரைக் கும்பிடலாம். ரெஜினா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உட்காருங்கண்ணா" என்றார். தீட்சை அவ்வளவுதான்.

ஜனவரி மாதம் ஒரு காலை. புல்லில் உறைபனி இன்னும் கரையவில்லை. டீ ஃபேக்டரியில் வேலை பார்க்கும் மரியசெல்வம் ஒரு பழைய காரோடு வந்தார். போன மாதம்தான் தாராபுரத்தில் வாங்கியதாம்.

"ஹீட்டரைப் போட்டா ஜில்லுன்னு காத்து வருதுங்க. நாளைக்குக் காலையில எங்க குழந்தைக்கு ஆஸ்பத்திரியில டிஸ்சார்ஜ். குறை மாசத்துல பொறந்துச்சு. ஒன்னே முக்கா கிலோ. இருபத்திமூணு நாள் சூட்டுப் பெட்டியில இருந்துச்சு. வழியில குளிர் மட்டும் பட்டுடக் கூடாதுன்னு டாக்டர் ரெண்டு தடவை சொல்லிட்டாங்க."

சொல்லும்போதே இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக் குழந்தையின் அளவைக் காட்டினார்.

தணிகாசலம் முன்னால் வந்தார். "இதை நான் பார்க்கிறேனுங்க அம்மணி."

"பாருங்க."

மத்தியானம்வரை பார்த்தார். ஃபேனைக் கழற்றித் துடைத்தார். இஞ்சினின் வெந்நீர் ஓடும் ஹீட்டர் காயிலுக்குள் தண்ணீரைப் பாய்ச்சி அழுக்கை வெளியேற்றினார். கூலண்டை நிரப்பினார். பிறகு ஷெட்டுக்குள்ளேயே அரை மணி நேரம் இஞ்சினை ஓடவிட்டார். வெதுவெதுவென்று காற்று வந்தது.

"வந்துருச்சுங்க அம்மணி! இஞ்சினும் பிரமாதம். முள்ளைப் பாருங்க, இவ்வளவு நேரம் ஓடியும் கால்வாசியைத் தாண்டலை. இப்படி ஒரு இஞ்சினுக்கு எங்க ஊர்ல தவம் கிடப்பாங்க."

ரெஜினா காற்றில் கையை வைத்துப் பார்த்தார். சூட்டைக் காட்டும் முள்ளையும் பார்த்தார். பிறகு மரியசெல்வத்தின் பக்கம் திரும்பினார்.

"வீடு எங்கே?"

"மஞ்சூர் தாண்டிங்க."

"ரோடு எப்படி?"

"முக்கால்வாசி இறக்கம்தாங்க."

தணிகாசலத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வீட்டைக் கேட்டா ஹீட்டர் சரியாயிடுமாங்க அம்மணி?"

"பின்சீட்டில ஏறுங்கண்ணா. குழந்தை எங்கே இருக்கப்போகுதோ அங்கே."

ஏறினார்.

"ஸ்வெட்டரைக் கழட்டுங்க."

"எதுக்குங்க?"

"குல்லாயையும்."

கழற்றினார். மரியசெல்வம் முன்சீட்டில் உட்கார்ந்தார். ரெஜினா வண்டியை எடுத்தார்.

முதல் இரண்டு கிலோமீட்டர் சுகமாகப் போனது. அப்புறம் இறக்கம் தொடங்கியது. இஞ்சினுக்கு வேலை இல்லை, வண்டி தானாக இறங்கிக்கொண்டிருந்தது. வெதுவெதுப்பு போனது. பிறகு சூடு என்று சொல்ல ஒன்றுமே இல்லை. தணிகாசலம் கைகளை அக்குளுக்குள் திணித்துக்கொண்டார். பல் கிட்டியது. ரோஷக்காரர், ஐந்தாவது கிலோமீட்டர்வரை வாயைத் திறக்கவில்லை.

"அம்மணி, குளிருதுங்க."

"முள்ளு எங்கே இருக்கு?"

எட்டிப் பார்த்தார். முள் அடியில் போய்ப் படுத்துக் கிடந்தது. முப்பது வருடமாக எந்தக் காட்சியைப் பார்த்தால் அவருக்கு மனசு நிறையுமோ, அதே காட்சி. இன்றைக்குத் திக்கென்றது.

"இஞ்சினே குளிர்ந்து கிடக்குதுங்களே. ஹீட்டர் என்னத்தக் குடுக்கும்?"

மரியசெல்வம் திரும்பி, பின்சீட்டில் நடுங்கிக்கொண்டிருந்தவரைப் பார்த்தார். பிறகு அவருக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தார். தணிகாசலத்தால் அந்தக் கண்ணை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

ஷெட்டுக்குத் திரும்பியதும் யாரும் சொல்லாமலே அவர் இஞ்சினில் ஓர் இடத்தைத் திறந்தார். தெர்மோஸ்டாட் வால்வு இருக்க வேண்டிய இடம். இஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை, அதை ஆறவைக்கும் ரேடியேட்டருக்குப் போகவிடாமல் பிடித்துவைக்கிற சின்ன வால்வு அது. உள்ளே ஒன்றும் இல்லை.

"எவனோ கழட்டிட்டானா?" என்று மரியசெல்வம் கோபப்பட்டார்.

தணிகாசலம் நினைத்திருந்தால் ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

"எவனோன்னு சொல்லாதீங்க. நானும் இதைத்தான் செய்வேன். எங்க பக்கத்து வெயில்ல வண்டி கொதிச்சுக்கிட்டு வந்து நின்னா, முதல் வேலையா இந்த வால்வைக் கழட்டி எறிஞ்சுருவேன். முள்ளு கீழே இறங்கிரும். கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போவாங்க. மத்தியானம் இதே முள்ளைப் பார்த்துத்தான் இஞ்சின் பிரமாதம்னு சொன்னேன்."

கேட்காமலே இப்படி ஒப்புக்கொள்கிறவரை நான் அதிகம் பார்த்ததில்லை. ரெஜினாவும் பார்த்திருக்க மாட்டார் போல. பணத்தை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"புது வால்வு வாங்கிட்டு வாங்கண்ணா. வெந்நீர்ல போட்டுப் பார்த்துட்டு மாட்டுங்க."

தணிகாசலம் டீ போடும் பாத்திரத்திலேயே தண்ணீரைக் கொதிக்க வைத்தார். வால்வைப் போட்டார். மெல்லத் திறந்தது. எடுத்து ஆறவிட்டார். மெல்ல மூடியது. மூன்று தடவை செய்து பார்த்தார். மூன்றாவது தடவைக்குத் தேவையே இல்லை, பார்க்க ஆசையாக இருந்திருக்கும்.

மாட்டி முடித்தபோது மணி நாலரை. இஞ்சினை ஓடவிட்டார். முள் ஏறி நடுவில் போய் நின்றது. காற்று சுடச்சுட வந்தது.

"ஒரு தடவை போயிட்டு வந்துடலாம்" என்று ரெஜினா சாவியை அவரிடம் நீட்டினார். பிறகு தன் ஸ்வெட்டரைக் கழற்றி ஸ்டூலில் போட்டுவிட்டுப் பின்சீட்டில் ஏறிக்கொண்டார்.

அதே ரோடு, அதே இறக்கம். தணிகாசலத்துக்கு வழி முழுக்க ஒரு கண் முள்ளின் மேலேயே இருந்தது. அது நடுவைவிட்டு நகரவில்லை. ஆறாவது கிலோமீட்டரில் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஜன்னலைக் கொஞ்சம் இறக்குங்கண்ணா. வேர்க்குது."

மறுநாள் பதினோரு மணிக்கு மரியசெல்வம் போன் செய்தார். வீடு வந்து சேர்ந்தாயிற்று. குழந்தை வழி முழுக்கத் தூங்கியது. இஞ்சினை நிறுத்தின பிறகுதான் கண் விழித்து அழுதது.

தணிகாசலம் போனை வைத்துவிட்டு, கையில் இருந்த கிரீஸ் துணியாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். முகமெல்லாம் கரி. அது அவருக்குத் தெரியவும் இல்லை.

ரெஜினா வேறொரு வண்டியின் அடியில் படுத்து நட்டு முடுக்கிக்கொண்டிருந்தார். தணிகாசலம் பக்கத்தில் போய்க் குந்தினார்.

"அம்மணி, ஒரு சந்தேகமுங்க. என்னைக் குளிர்ல உட்கார வச்சீங்க, சரி. எனக்குப் புத்தி வரணும். ஆனா சாயங்காலம் வால்வு மாட்டியாச்சு, முள்ளு நடுவுல நின்னுச்சு, காத்தும் சுட்டுச்சு. சரியாயிடுச்சுன்னு உங்களுக்குத் தெரியும். அப்புறமும் நீங்க எதுக்கு ஸ்வெட்டரைக் கழட்டிட்டுப் பின்னாடி உட்கார்ந்தீங்க?"

ஸ்பேனர் நின்றது.

"மத்தியானம், சரியாயிடுச்சுன்னு உங்களுக்கும் தெரிஞ்சுதானேண்ணா இருந்துச்சு?"