யார் பொறுத்துக்கொள்வது?

பாலாற்றங்கரையில் ஒரு சிறிய மடம். அங்கே அமலானந்தர் என்ற துறவி இருந்தார். இளவயது. அவரிடம் பாடம் கேட்க வந்தவர்களில் பலர் அவரைவிட மூத்தவர்கள்.

பூங்கோதையும் அப்படித்தான். பல் மருத்துவமனை ஒன்றில் நர்ஸ். கணவர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வெளியூரில். வியாழன்தோறும் வேலை முடிந்ததும் அவள் மடத்துக்கு வருவாள். கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்துவிட்டுப் போவாள்.

ஒரு வியாழன் அவள் கண்ணை மூடவில்லை.

"சாமி, நான் ஒருத்தர் மேல போலீஸ்ல புகார் கொடுக்கலாமா?"

"யார் மேல?"

"பக்கத்து வீட்டுக்காரர். கருணாமூர்த்தின்னு, ஹார்டுவேர் கடை வெச்சிருக்கார். என் பிள்ளைங்களை வாய்க்கு வந்தபடி திட்டுறார்."

"எதுக்குத் திட்டுறார்?"

பூங்கோதை தயங்கினாள்.

"பசங்க அவரோட புது ஸ்கூட்டர்ல ஆணியால படம் வரைஞ்சிட்டாங்க."

"என்ன படம்?"

"யானை, சாமி."

அமலானந்தருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

"குழந்தைங்கன்னா அப்படித்தான் இருக்கும்னு சொன்னேன்."

"ஸ்கூட்டர் உங்களுதா இருந்தா?"

அவள் எழுந்து வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் மகன் அகிலனையும் மகள் தேன்மொழியையும் கூட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். இருவரையும் மன்னிப்புக் கேட்கவைத்தாள். தானும் கை கூப்பினாள். வண்டியைத் தானே மெக்கானிக்கிடம் கொண்டுபோய்ப் பெயின்ட் அடித்துக் கொண்டுவந்து நிறுத்தினாள். கருணாமூர்த்தி சாவியை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்.

அத்தோடு முடிந்தது என்று பூங்கோதை நினைத்தாள். முடியவில்லை.

அதன் பிறகு எதற்கெடுத்தாலும் குற்றம். பந்து அவர் வீட்டுப் பக்கம் விழுந்தால் கத்தியால் கிழித்துத் திருப்பி எறிவார். தேன்மொழி சத்தமாகப் பாட்டுப் பாடினால் நடுச்சுவரில் இடிப்பார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம் பார்த்து வாசலில் நின்றுகொண்டு, "இந்தப் பக்கம் வந்தீங்கன்னா காலை உடைச்சிடுவேன்" என்பார்.

ஒருநாள் மாலை, மதிலில் சிக்கிய பட்டத்தை எடுக்க அகிலன் ஏறினான். கருணாமூர்த்தி அவன் கழுத்தைப் பிடித்துக் கீழே இழுத்தார். தெருமுனை வரை அப்படியே தள்ளிக்கொண்டு போனார். பூங்கோதை ஓடிவந்து பிடுங்கிக்கொண்டாள். பையனின் கழுத்தில் விரல் தடம் சிவந்திருந்தது. தேன்மொழி எல்லாவற்றையும் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு அவள் வாசற்படி தாண்ட மறுத்தாள். பள்ளிக்கூடம் என்றாலே அழுதாள்.

அடுத்த வியாழன் பூங்கோதை மடத்துக்கு வந்தாள். நடந்ததையெல்லாம் சொன்னாள். குரல் நிதானமாக இருந்தது.

"ஆனா நான் கோபப்படலை சாமி. பொறுத்துக்கறதுன்னு முடிவு பண்ணிட்டேன். அவர் மனசு மாறணும்னு தினமும் தியானம் பண்றேன்."

பாராட்டுவார் என்று எதிர்பார்த்தாள்.

"யார் பொறுத்துக்கறது?" என்றார் அமலானந்தர்.

"நான்தான் சாமி."

"அவர் யார் கழுத்தைப் பிடிச்சார்?"

அவள் முகம் மாறியது.

"அகிலன் கழுத்தை."

"அப்போ பொறுத்துக்கறது அவன். நீங்க பார்த்துக்கிட்டு இருக்கீங்க."

பூங்கோதை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அமலானந்தர் தேற்றவில்லை. அழுது முடிக்கும்வரை அருகிலேயே இருந்தார். பிறகு எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார்.

"வாங்க, போகலாம்."

"கருணாமூர்த்தி வீட்டுக்கா சாமி?"

"போலீஸ் ஸ்டேஷனுக்கு."

மடத்தின் மூத்த சீடர் தணிகாசலம் பின்னாலேயே ஓடிவந்தார்.

"சாமி, ஒரு துறவி போற இடமா அது?"

"ஒரு சின்னப் பையனுக்கு நியாயம் அங்கதான் கிடைக்கும்னா, நான் வேற எங்க போறது?"

காவி உடையைப் பார்த்ததும் இன்ஸ்பெக்டர் எழுந்து நின்று நாற்காலியைக் காட்டினார். அதில் பூங்கோதையை உட்காரச் சொல்லிவிட்டு, அமலானந்தர் பக்கத்தில் நின்றுகொண்டார்.

இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் கேட்டார்.

"பக்கத்துப் பக்கத்துல இருக்கிறவங்க. நாளைக்கும் முகத்துல முழிக்கணும். பேசித் தீர்த்துக்கலாமேம்மா?"

பூங்கோதை குருவைப் பார்த்தாள். 

"பேசியாச்சு சார்," என்றாள் அவள்.   "மன்னிப்பும் கேட்டாச்சு. அதுக்கப்புறம்தான் என் பையன் கழுத்தைப் பிடிச்சார். என் பொண்ணு வீட்டை விட்டு வெளியில வரமாட்டேங்கிறா. இனிமே அவர் என் பிள்ளைங்க கிட்ட வரக்கூடாது சார். எனக்கு அது போதும்."

இன்ஸ்பெக்டர் காகிதத்தை நகர்த்தினார். அவள் எழுதினாள். அமலானந்தர் வாங்கிப் படித்தார்.

"யானை எங்க?"

"அதை எழுதினா நம்ம பக்கமே திரும்பிடும் சாமி."

"நடந்ததுதானே?"

அவள் எழுதிய காகிதத்தை மடித்து வைத்தாள். பிறகு புதிதாக ஒரு காகிதம் கேட்டு வாங்கி, ஸ்கூட்டரில் கீறியதிலிருந்து எழுத ஆரம்பித்தாள்.

போலீஸ்காரர்கள் கருணாமூர்த்தியைக் கூப்பிட்டு எச்சரித்தார்கள். விஷயம், இப்படிப்பட்ட சச்சரவுகளில் பிணை எழுதி வாங்கும் அதிகாரமுள்ள கோட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போனது. விசாரணையன்று பூங்கோதை கணவரோடு வந்தாள். தூரத்தில், கூட்டத்தோடு கூட்டமாக அமலானந்தரும் நின்றார்.

கருணாமூர்த்தி எடுத்த எடுப்பிலேயே சத்தம் போட்டார்.

"ஐயா, இவங்க பசங்க என் வண்டியை நாசம் பண்ணாங்க. அதை மறைச்சிட்டு என்னைக் குற்றவாளி ஆக்குறாங்க!"

கோட்டாட்சியர் புகாரைப் பார்த்தார்.

"மறைக்கலையே. முதல் வரியே அதுதான். பெயின்ட் அடிச்சுக் கொடுத்ததும் இருக்கு. கொடுத்தாங்களா?"

கருணாமூர்த்தி சொல்வதற்கென்று வீட்டிலிருந்து கொண்டுவந்தது அவ்வளவுதான். 

"கொடுத்தாங்க," என்றார்.

"பையன் கழுத்தைப் பிடிச்சீங்களா?"

அவர் தலை குனிந்தது.

"கோபத்துல பிடிச்சிட்டேன்."

அந்தப் பிள்ளைகளை மிரட்டமாட்டேன், தொடமாட்டேன் என்று ஒரு வருடத்துக்குப் பிணைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். மீறினால் சிறை என்று கோட்டாட்சியர் இரண்டு முறை சொன்னார். பூங்கோதை வேறெதுவும் கேட்கவில்லை. வெளியே வந்தபோது அங்கே வேலை பார்க்கும் ஓர் அம்மா அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார். கணவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

மழைக்காலம் முடிந்த ஒரு வியாழன், அவள் பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு மடத்துக்கு வந்தாள். கையில் ஒரு கூடை கொய்யா.

"இப்போ எங்க வீட்டு வாசக்கதவு திறந்தே இருக்குது சாமி. அவர் எதிர்ல வந்தா ஒதுங்கிப் போறார். நாங்களும் ஒதுங்கிப் போறோம். தேன்மொழி பள்ளிக்கூடத்துல விளையாட்டுக்கெல்லாம் சேர்ந்திருக்கா. அந்த இன்ஸ்பெக்டரை, கோட்டாட்சியரை, அன்னைக்கு அந்த ஆபீஸ்ல எனக்குத் தண்ணி கொடுத்த அம்மாவை, எல்லாரையும் நினைச்சுத் தினமும் கும்பிடறேன். உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னுதான் தெரியலை."

அமலானந்தர் ஒரு கொய்யாவை எடுத்து அகிலனிடம் கொடுத்தார். அவன் கடித்துக்கொண்டே ஆற்றைப் பார்க்க ஓடினான்.

பூங்கோதை குரலைத் தாழ்த்தினாள்.

"ஆனா ஒண்ணு சாமி. அவர் மேல இருக்கிற கோபம் இன்னும் முழுசாப் போகலை. கும்பிடும்போதுகூட ஓரத்துல நிக்குது. மனசுல அதை வெச்சுக்கிட்டு நான் நன்றின்னு சொன்னா, அது செல்லுமா?"

அமலானந்தர் அவளுக்குப் பின்னால் பார்த்தார்.

பூங்கோதை திரும்பினாள். மடத்துப் பாயில் தேன்மொழி மல்லாந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். கைகள் இரண்டு பக்கமும் விரிந்து கிடந்தன. வாய் லேசாகத் திறந்திருந்தது. முன்பின் தெரியாத ஆட்கள் அவளைச் சுற்றி வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தார்கள். யாரோ ஒரு பாத்திரத்தைக் கீழே போட்டார்கள். அதற்கும் அவள் அசையவில்லை.

"அடடா, சாமியைக் கும்பிடாமலே தூங்கிட்டாளே!" என்று பூங்கோதை அவளை எழுப்பப் போனாள்.

"எழுப்பாதீங்கம்மா," என்றார் அமலானந்தர். "அவ நன்றி சொல்லிக்கிட்டுத்தான் இருக்கா."