வால்வுக்குப் பொருத்தம் பார்த்த கதை

நொச்சிப்புலம் வாலிபர் மன்றத்துக்கு மூன்று பேர் நிர்வாகிகள். செவத்தையா தலைவர், பூச்சையன் செயலாளர், மாரிக்கண்ணு பொருளாளர். எதையும் மூன்று பேரும் சேர்ந்துதான் யோசிப்பார்கள். ஒருவர் மட்டும் யோசித்திருந்தால் ஊருக்கு இவ்வளவு சேதம் வந்திருக்காது.

மன்றத்தில் பழைய காலத்து ஆம்ப்ளிஃபயர் ஒன்று உண்டு. கண்ணாடி வால்வு போட்டது. செவத்தையா மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்த சமயம் பார்த்து அது ஊமையாகிவிட்டது. பக்கத்து ஊரிலிருந்து மச்சான்மார்கள் வருகிறார்கள். பாட்டில்லாத பந்தலில் அவர்களை உட்கார வைத்துவிட்டால், அப்புறம் அந்த ஊர்ப் பக்கம் செவத்தையா தலைகாட்ட முடியாது.

மெக்கானிக் ஜமால் காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தார். படுத்தபடியே பெட்டியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பெரிய வால்வு ரெண்டும் போயிடுச்சு. அது ஜோடியா வேலை பாக்குறது. கிடைச்சதை வாங்கிட்டு வந்துடாதீங்க. பொருத்தம் பாத்து வாங்குங்க."

மூவரும் டவுனில் பழைய ரேடியோ சாமான் விற்கும் சார்லஸ் கடைக்குப் போனார்கள். அவர் அச்சு அசலாக ஒரே மாதிரி இரண்டு வால்வை எடுத்து நீட்டினார். பூச்சையன் வாங்க மறுத்துவிட்டான்.

"முகஜாடையைப் பாருங்கண்ணே. அண்ணன் தங்கச்சியா இருந்தா என்ன பண்றது?"

மற்ற இருவருக்கும் உடம்பு சிலிர்த்துவிட்டது. கூடையைக் கிளறி, நெடுநெடுவென்று ஒன்றும் குட்டையாகக் குண்டாக ஒன்றும் பொறுக்கினார்கள். இரண்டுக்கும் நம்பர் ஒன்றுதான், ஆனால் கம்பெனி வேறு என்று சார்லஸ் எச்சரித்தார். வேறு குலம் என்றால் ரொம்ப நல்லது என்றார் செவத்தையா.

அங்கிருந்து நேரே ஜோசியரிடம். ஜாதகம் இல்லையென்றால் பெயரை வைத்துப் பார்க்கலாம் என்றார் அவர். நெட்டைக்குச் சிங்காரம், குட்டைக்குச் செங்கமலம் என்று அங்கேயே பெயர் வைத்தார்கள். பொருத்தம் அமோகம், பெண்ணுக்குத்தான் கொஞ்சம் உஷ்ண தேகம் என்றார் ஜோசியர்.

காதுகுத்தன்று, தாலி கட்டாமல் இரண்டையும் ஒரே பெட்டியில் வைப்பது முறையல்ல என்று மாரிக்கண்ணு சொன்னதால், முதலில் செங்கமலத்துக்கு மஞ்சள் கயிறு கட்டினார்கள். பிறகு பெட்டியில் செருகி சுவிட்சைப் போட்டார்கள். வால்வு இரண்டும் மெல்லச் சிவந்தன.

"பொண்ணு வெக்கப்படுது," என்றான் பூச்சையன்.

பாட்டும் கணீரென்று கிளம்பியது. செவத்தையாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் புதுசாகக் கல்யாணமானவர்களைச் சுற்றி ஊரே உட்கார்ந்து பார்ப்பது நன்றாகவா இருக்கும்? பந்தலைச் சுற்றிப் படுதா கட்டி, மச்சான்மார்களையும் ஆசாரியையும் குழந்தையையும் கிளப்பிக்கொண்டு போய், கண்மாய்க் கரையில் பாட்டே கேட்காத தூரத்தில் காது குத்தினார்கள்.

அடுத்த மாதம் ஆடி. அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் நாள். பாட்டுப் பெட்டி வேண்டுமென்று பூசாரி ஆள் அனுப்பினார். பெட்டி வந்தது, ஒரு வால்வோடு. என்ன முடுக்கியும் சத்தம் வரவில்லை.

அந்த நேரம் நிர்வாகிகள் மூவரும் தாம்பாளத்தில் பூ, பழம், பலகாரத்தோடு சார்லஸ் கடை வாசலில் நின்றார்கள். நடுவில் வெற்றிலைமேல் செங்கமலம்.

"ஆடிக்குப் பொண்ணை அழைக்க நீங்க வருவீங்கன்னு பாத்தோம், வரலை. அதான் நாங்களே கொண்டாந்து விட்டோம்," என்றார் செவத்தையா. "ஆவணி பொறந்ததும் மாப்பிள்ளையோட வர்றோம் சம்பந்தி."