போய்வாமலைக்குப் பேர் வந்த கதை

மேகமெல்லாம் மலைமேல் உட்கார்ந்து இளைப்பாறிய அந்தக் காலத்திலே, பேரே இல்லாத மலை ஒன்று இருந்தது. அதன் அடிவாரத்தில் தேன் எடுக்கிற குறும்பனும் அவன் மனைவி காத்தாயியும் வாழ்ந்தார்கள்.

ஒருநாள் காலை, களியில் உப்பில்லை என்று சண்டை. "நான் போறேன்!" என்று கத்திவிட்டுக் குறும்பன் மலையேறினான். 'போயிட்டு வாரேன்' என்றல்லவா சொல்ல வேண்டும்? திரும்பி வராமலே போய்விடுவானோ என்று காத்தாயி பயந்தாள். ஆட்டைக்கூட அவிழ்க்காமல் பின்னாலேயே ஓடினாள்.

மேலே குகைக்குள் குறும்பன் நின்றிருந்தான். கால் முழங்கால் வரை கல்லாகியிருந்தது. எதிரே பாறையோடு பாறையாக ஒரு பூதம்.

"ஐயா, என் மாமனை விட்டுடுங்க!"

"வாரேன்னு சொல்லாம வந்தவன் எனக்குச் சொந்தம். நானா வாய் திறந்து அனுப்பினாத்தான் உண்டு. அனுப்ப மாட்டேன்."

கல் இடுப்புக்கு ஏறியது.

"என் ஆட்டையெல்லாம் எடுத்துக்குங்க. விட்டுடுங்க!"

"அனுப்ப மாட்டேன்."

கல் நெஞ்சுக்கு ஏறியது.

"உங்களுக்கு மனசே இல்லையா?"

"அனுப்ப மாட்டேன்! நானும் ஒருநாள் கோபத்திலே 'போறேன்'னு வீட்டை விட்டு வந்த மனுஷன்தான். என்னை யாரு வான்னு கூப்பிட்டா?"

காத்தாயிக்குப் பொறி தட்டியது. இதுவும் ஒரு வீட்டில் பேசிப் பழகிய வாய்!

"மாமா, காலையிலே சொல்லாததை இப்பச் சொல்லு!"

"களியிலே உப்பு இல்லைதானே புள்ளே? அதை ஒத்துக்கோ முதல்ல."

"இல்லை, இல்லை, உப்பே போடலை! என்கிட்ட வேண்டாம், அவர்கிட்டச் சொல்லு!"

கல் கழுத்தைத் தொட்டது. குறும்பன் மூச்சுத் திணறினான். "ஐயா... போயிட்டு வாரேங்க."

"சரி, போயிட்டு வா" என்றது பூதம். சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தியது.

கல் பொலபொலவென்று உதிர்ந்தது. குகைவாய் மூடத் தொடங்கியது. இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே பாய்ந்தார்கள். உள்ளே மலை அதிர ஓர் அழுகை. காத்தாயியின் கால் நின்றது.

"வந்துடு புள்ளே!"

அவள் திரும்பி, மூடுகிற இடுக்கில் வாயை வைத்துக் கூவினாள்: "ஐயா! நீங்களும் வாங்க! வீட்டுக்கு வாங்க!"

அழுகை நின்றது. பாறை இரண்டாகப் பிளந்தது. நரைத்த தாடியோடு ஒரு மனிதர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெயிலுக்கு வந்தார்.

அன்று காத்தாயி மறுபடி களி கிண்டினாள். பெரியவர் ஒரு வாய் உண்டார்.

"உப்பு கொஞ்சம் தூக்கல், தாயி."

குறும்பன் குனிந்து தன் களியை வழித்து வழித்துத் தின்றான்.

அந்த மலைக்குப் பேர் போய்வாமலை ஆனது இப்படித்தான். தேனுக்கு ஏறுகிறவர்கள் அடிவாரத்தில் நின்று "போயிட்டு வாரேன்" என்பார்கள். "வா" என்று சொல்ல, அந்தப் பெரியவர் தினமும் அங்கே நின்றார்.