கழுதை கேட்டு வாங்கிய ஒற்றைக் குளம்பு

அந்தக் காலத்தில் மாட்டுக்கும் கழுதைக்கும் பேச வாய் இருந்தது. காலுக்குக் குளம்புதான் இல்லை. உள்ளங்கால் மெத்தென்று, நாய்க்கு இருப்பது போல விரலோடு இருக்கும். காட்டில் மேய்கிற வரைக்கும் அது போதும். வயலுக்கு வந்த பிறகுதான் வம்பு.

ஆற்றங்கரையில் பேராச்சி என்று ஒருத்திக்கு ஒரு கோட்டை நெல் விதைக்கிற அளவுக்கு வயல் இருந்தது. அவள் ஏரில் இடப்பக்கம் சிவலை என்கிற காளை, வலப்பக்கம் கழுதை. ஆமாம், கழுதைதான். அன்றைக்கு அதுவும் ஏர் உழுத பிராணி.

நாள் முழுக்கச் சேற்றில் நின்று இரண்டுக்கும் விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். பொழுது சாய்ந்ததும் பேராச்சி வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வருவாள். முதலில் சிவலைக்குத் தடவுவாள், அப்புறம் கழுதைக்கு. வாசலை ஒட்டிக் கட்டியிருந்தது சிவலையை. வேறு காரணம் ஒன்றும் கிடையாது. ஆனால் கழுதைக்கு வயிறு பற்றி எரியும். 'எப்பவும் அவனுக்குத்தான் முதல்ல. நமக்கு வழிச்சுத் துடைச்ச மிச்சம்' என்று நினைத்துக்கொண்டு, சிவலையின் காலில் மஞ்சள் எவ்வளவு கனமாக ஏறியிருக்கிறது என்று கழுத்தை நீட்டிப் பார்க்கும். அந்தப் பாவப்பட்ட காளைக்கு இது எதுவும் தெரியாது.

ஒருநாள் பேராச்சி இரண்டையும் கூப்பிட்டாள்.

"நாத்து வளந்துட்டு. எட்டு நாளைக்குள்ள நடலைன்னா முத்திப் போயிரும். இந்தக் காலை வச்சுக்கிட்டு நீங்க எப்படிச் சேறு கலக்குவீங்க? மடைவாயில ஒரு நண்டு கொம்பைக் குடைஞ்சு செருப்புச் செய்யுதாம். போய் ஆளுக்கு நாலு போட்டுட்டு வாங்க. கால் தாங்குற ஆளைத்தான் ஏர்ல பூட்டுவேன். நோகுற காலோட யாரையும் இழுக்க விட எனக்கு மனசு வராது."

கழுதை வேண்டுமென்றே பின்தங்கிப் போனது. சிவலை எதை வாங்குகிறது என்று பார்த்து, அதைவிட ஒரு படி மேலே வாங்க வேண்டும் அல்லவா?

நண்டு கொடுக்கை ஆட்டிக்கொண்டு சிவலையிடம் கேட்டது: "எங்க நிக்கப் போறீரு?"

"முழங்கால் சேத்துல, அண்ணாச்சி. விடிஞ்சதுல இருந்து பொழுது சாயிற வரைக்கும்."

முதல் செருப்பு விரலைக் கடித்தது. இரண்டாவது தொளதொளவென்று சேற்றிலேயே தங்கிவிட்டது. சிவலை சளைக்காமல் மடைச்சேற்றில் நடந்து நடந்து பார்த்தது. மூன்றாவது செருப்பை நண்டு கொடுக்கில் பிடித்து, முன்பக்கம் நடுவாக ஒரு வெட்டு வெட்டிக் கொடுத்தது. காலை ஊன்றினால் இரண்டு பக்கமும் விரிந்தது. தூக்கினால் ஒடுங்கிக்கொண்டு வழுக்கி வெளியே வந்தது. உள்ளே ஒரு சொட்டு நீர் இல்லை.

"இதே மாதிரி இவனுக்கும் நாலு செஞ்சு குடுங்க அண்ணாச்சி. ஒரே நுகத்துல நடக்குறவங்க நாங்க" என்றது சிவலை. நண்டும் அப்போதே நாலு செய்து எடுத்து வைத்தது.

கழுதைக்குச் சுருக்கென்றது. எனக்கு எது வேண்டும் என்று இவன் யார் சொல்ல?

"வெட்டுப்பட்ட செருப்பு எனக்கு எதுக்கு? எனக்கு முழுசா, உருண்டையா, வழவழன்னு வேணும். அவனுதைவிட உசரமா இருக்கணும்."

நண்டு கேட்டபடியே நாலு செய்து முன்னால் வைத்தது. "தண்ணி ஏறாம செய்யறது ஒண்ணும் பெரிசில்ல" என்றது. "சேறு காலை விடணும். அதுக்குத்தான் அந்த வெட்டு. எதுக்கும் சேத்துல நடந்து பாத்துட்டுச் சொல்லும்."

"புதுசை எதுக்கு இப்பவே அழுக்காக்கணும்?"

"ஒரு ராத்திரி தாண்டினா நகத்தோட சேந்துரும். பிறகு கழட்ட வராது. யோசிச்சுக்கிடும்."

"யோசிச்சாச்சு" என்று கழுதை நாலு காலையும் உள்ளே திணித்துக்கொண்டது.

வரப்பில் டக் டக்கென்று அது நடந்து வந்த அழகைப் பார்க்க வேண்டுமே! பக்கத்து வயலில் நடவுப் பெண்கள் நிமிர்ந்து நின்று பார்த்தார்கள். "ஏயப்பா, ராசா கணக்கா வாரியே" என்று சொல்லி, பேராச்சி அன்று முதலில் கழுதையின் காலைத்தான் தொட்டுப் பார்த்தாள். கழுதைக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் வயலில் இறங்கியதும் நன்றாகவே பாவியது. வைத்த காலைச் சேறு கவ்விக்கொண்டது. இந்தக் காலைப் பிடுங்கினால் அந்தக் கால் புதைந்தது. சிவலை நின்று நின்று காத்திருந்தது, நடையைத் தளர்த்தியது, நுகத்தைத் தன் பக்கமாக இழுத்து இழுத்து அதன் பாரத்தையும் சுமந்தது. அந்த உதவிதான் கழுதைக்கு எல்லாவற்றையும்விட எரிந்தது. உச்சிப்பொழுது வரை ஒரு சுற்று முடியவில்லை.

பேராச்சி நுகக்கயிற்றை அவிழ்த்தாள். "போதும், வா. நீ படுற பாட்டை என்னால பாக்க முடியலை. நாத்தும் காத்திருக்காது" என்றாள்.

கழுதை மடைவாய்க்கு ஓடியது. "அண்ணாச்சி, நாலையும் வெட்டி விடுங்க."

நண்டு தட்டிப் பார்த்தது. "நகத்தோட சேந்துட்டு. இனி வெட்டினா ரத்தம்தான் வரும்."

"அப்ப அவன் எனக்குச் செய்யச் சொன்ன நாலு?"

"இப்பதான் ஒரு எருமை வந்து போட்டுட்டுப் போச்சு. நீருதான் வேண்டாம்னுட்டீரே."

கழுதை திரும்பி வந்து வரப்பில் நின்று பார்த்தது. ஏரின் வலப்பக்கம் பேராச்சி பூட்டிய அந்த எருமை நடந்துகொண்டிருந்தது. பழகாத எருமை கொஞ்சம் மெதுவாகத்தான் நடந்தது. சிவலை நின்று நின்று, அதன் நடைக்குத் தன் நடையைத் தளர்த்திக்கொண்டு கூடவே போனது. அன்று காலை வரைக்கும் அந்த நடை கழுதைக்கு மட்டும் கிடைத்தது. அதைக் கழுதை ஒருநாளும் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை.

சிவலையைப் பேர் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தது. பொறாமையும் அழுகையும் ஒன்றாகத் தொண்டையில் முட்டிக்கொள்ள, பேச்சு வரவில்லை. ஒரு பெரிய கத்தலும் விக்கலும்தான் வந்தன.

அன்று முதல்தான் காளைக்கும் எருமைக்கும் குளம்பு பிளந்திருக்கிறது, கழுதைக்கு ஒற்றையாக இருக்கிறது. யாரும் ஓர் அடி அடிக்காமலே, நின்ற இடத்தில் நின்று கழுதை கத்திக் கத்தி விக்குவதும் அன்று முதல்தான்.