நரி வெங்காயத்துக்கு வந்த பேர்

ரொம்பக் காலத்துக்கு முன்னே கரடிமலைச் சீமையைக் கட்டாரிப் பூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் யாராவது புகழ்ந்துவிட்டால் வெண்ணெயாய் உருகிப்போவார்.

ஒருநாள் வேட்டைக்குப் போன இடத்தில், காய்ந்த தரையில் இலை ஒன்றுகூட இல்லாமல் ஒரு தண்டு மட்டும் நிமிர்ந்து பூத்து நின்றது. "இது என்ன?" என்று கேட்டார்.

"ஏதோ காட்டு வெங்காயம், பிரபு. சரியான பெயர்கூடக் கிடையாது. யார் துணையும் இல்லாமல் தலைநிமிர்ந்து நிற்கிறது, தங்களைப் போலவே. தங்கள் பெயரையே வைத்துவிடலாம்" என்றார் கூட வந்த மந்திரி அலங்காரராயர்.

அன்றே ராயர் சட்டமும் எழுதிவிட்டார். அது இனி பூபதி வெங்காயம். அதைத் தோண்டினாலும் மிதித்தாலும் மன்னரை மிதித்த குற்றம். தண்டனை, நாடு கடத்தல்.

மூன்றாம் நாளே மருந்துக்காரி சடைச்சி கூடையும் கிழங்குமாகப் பிடிபட்டாள். ராயருக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். காலாணி வலியில் அவர் குழந்தைபோல அழுததைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். ஊரைவிட்டுத் தொலைந்தால் நிம்மதி என்று நினைத்தார்.

"தோண்டினாயா?" என்று சபையில் கேட்டார் ராஜா.

"தோண்டினேன் சாமி. சுட்டேன், நசுக்கினேன். காலாணிக்கு நான் கண்ட மருந்து அதுதான். என்னைத் துரத்திட்டா இந்த மலைச்சனத்துக்கு யாரு கட்டுப்போடுவா?" அவளுக்குப் பயம்தான், ஆனாலும் வாய் நிற்கவில்லை. "நானாவது தோண்டினதோட சரி. மிதிச்சவரை விட்டுட்டீங்களே."

"யார் அவன்?"

"ராயரய்யாவை இடது காலைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்க."

நீண்ட அங்கியை விலக்கினால், உள்ளங்காலில் ஒரு துணிக்கட்டு.

"இன்னைக்குக் காலையிலதான் கட்டிவிட்டேன். என்ன மருந்துன்னு அவர் கேக்கலை, நானும் சொல்லலை. வீட்டிலேருந்து சபை வரைக்கும் உங்க மேலேயே நடந்து வந்திருக்கார் சாமி."

ராயர் தூக்கிய காலைக் கீழே வைக்கப் பயந்து ஒற்றைக்காலில் நின்றார். "பிரபு, பெயரை மாற்றிவிடலாம்" என்று முனகினார்.

"உம்முடைய பெயரை வைக்கட்டுமா?"

"வேண்டாம் பிரபு. ஊரே மிதிக்கும்."

"என் பெயர் என்றால் மிதிக்கலாமோ?" என்ற ராஜாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தன் அசட்டுத்தனத்தை நினைத்துக் கொஞ்சம் வெட்கமும் வந்தது. "சடைச்சி, நீயே ஒரு பேர் சொல்."

"நரி பேரை வைங்க சாமி. அது சண்டைக்கு வராது."

அப்படி வந்ததுதான் நரி வெங்காயம். சட்டத்தை ராஜா கிழித்துப் போட்டார். மலை முழுக்க மூலிகை எடுக்கிற உரிமை சடைச்சிக்கு. கால் ஆறியதும் ஒரு வருஷம் அவள் கூடையைச் சுமக்கிற வேலை ராயருக்கு.

சபை கலையும்போது பொழுது சாய்ந்துவிட்டது. மலைப்பக்கம் நரிகள் ஊளையிட்டன.

"வழக்குக் கொடுக்க வந்துவிட்டார்கள் போலிருக்கிறதே" என்றார் ராஜா.

"வரட்டும் சாமி" என்றாள் சடைச்சி. "எழுதிக்க ராயரய்யா இருக்காரே."